சனிக்கிழமை எண்ணெய் ஊசி

ஊசி போடும் தொழிலில் ஒரே ஒரு வசதி, போகிற வீட்டில் யாரும் நம்மை உட்காரச் சொல்லமாட்டார்கள். எப்போது கிளம்புவாள் என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு அது ஒத்துவந்தது. ஒரு இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத ஜென்மம் நான். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியெல்லாம் அதற்காகத்தான்.

1991-இல் எனக்கு இருபத்தொன்பது வயது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து நோயாளிகள் பாதியிலேயே வைத்தியத்தை விட்டுவிடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி என்னை மண்ணூரில் கொண்டுபோய்ப் போட்டது. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை, ஒரு மொபெட், ஒரு தகரப் பெட்டி. மாதத்தின் முதல் புதன்கிழமை டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் மண்ணூர், பிள்ளைப்பாக்கம், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை என்று நான் சுற்ற வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி. இடுப்பில் போட்டுவிட்டால் மருந்து மெதுவாக ஒரு மாதம் இறங்கிக்கொண்டிருக்கும்.

வீடு வீடாகப் போய் ஊசி போட்டிருக்கிற சகோதர சகோதரிகளே, நாய் துரத்தியது, மாமியார் முறைத்தது, ஊசி வளைந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது வேறு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நான் சொன்ன ஒரு வார்த்தை பட்ட பாடு அது.

கரண்டி

பிள்ளைப்பாக்கம் கன்னியம்மா அக்காவுக்கு ஒரே பிள்ளை, தணிகாசலம். வீட்டில் தணிகா. ஐ.டி.ஐ. இரண்டாம் வருஷத்தில் படிப்பு நின்றுபோனது. யாருக்கும் கேட்காத இரண்டு ஆண்குரல்கள் அவனைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டன. சட்டை போட்டால் ‘போட்டுட்டான் பாரு’ என்றன. சோற்றில் கை வைத்தால் ‘விஷம்’ என்றன. ஆறு மாதம் குளிக்காமல், சரியாகச் சாப்பிடாமல், கிணற்றடியில் நின்று அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரையில் குரல்கள் அடங்கின. சரியாகிவிட்டதே என்று நிறுத்தினான், திரும்பி வந்தன. மறுபடி மாத்திரை, மறுபடி நிறுத்தம். அதன் பிறகுதான் ஊசி. ஊசியில் நன்றாகத் தேறி, அந்த வருஷம் ஜூனில் மண்ணூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் சேர்ந்தான். ஆறு மாதம் சோதனைக் காலம், டிசம்பரில் நிரந்தரம். அதற்குள் வியாதி வெளியே தெரிந்தால் கேட்டுக்கு வெளியேதான். அதனால் கம்பெனிக்குச் சொன்னது ‘நரம்பு ஊசி’.

இந்த வியாதி ஏன் வந்தது என்பதற்குக் கன்னியம்மா அக்காவிடம் ஒரு பட்டியலே இருந்தது. ஐ.டி.ஐ. போகிற வழியில் சுடுகாடு. பங்காளி வைத்த செய்வினை. வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று வெளியே வந்தது. கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். பையனுக்குப் பத்து வயசில், பால் பாத்திரத்தைக் கவிழ்த்ததற்காகக் கரண்டியால் தலையில் ஒன்று போட்டாராம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மூளைக்குள் செய்தி கொண்டுபோகிற ரசாயனம் தாறுமாறாவது, பரம்பரையில் கொஞ்சம், பிறக்கும்போதே வருவது கொஞ்சம், வாலிபத்தில் மேலே வந்து விழுகிற அழுத்தம் கொஞ்சம் என்று பல சேர்ந்துதான் இது வருகிறது, யாரும் செய்து வருவதில்லை என்றார். கரண்டி அடியில் வருவதாக இருந்தால் தனக்குத்தான் முதலில் வந்திருக்கும் என்றும் சொன்னார்.

அக்கா எழுந்து வாசல்வரை போனார். அங்கே நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார். “அந்தக் கரண்டிய அன்னிலேர்ந்து பரண் மேல போட்டு வச்சிக்கீறேன் சார். எடுத்துப் பொழங்கலாமா?”

ஊசிக்குள் என்ன

பிள்ளைப்பாக்கத்துக்கு என் முறை வெள்ளிக்கிழமை. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை ஊசி போட்டு முடித்து, மொபெட்டில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கன்னியம்மா அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மருந்து ஏன் மஞ்சளாக இருக்கிறது, ஏன் இவ்வளவு கெட்டியாக இறங்குகிறது, உடம்புக்குச் சூடா என்று கேள்வி மேல் கேள்வி. எனக்கு ஏரிக்கரைக்குப் போகிற அவசரம். பயப்படாதீர்கள் அக்கா, நல்லெண்ணெயில்தான் கரைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய் இல்லை. அந்த மருந்தை நிஜமாகவே நல்லெண்ணெயில்தான் கலந்திருப்பார்கள். அக்காவின் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது.

நான்கு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை போனால் அக்கா வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளியும் செவ்வாயும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள், ஆம்பிளைக்கு ஆகாது, நாளைக்கு வா என்றார். இது தேய்க்கிற எண்ணெய் இல்லை, மருந்து என்று நான் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

“தலைக்கு வெக்கறதுக்கே கெழம பாக்கறோம். ஒடம்புக்குள்ள உடறதுக்குப் பாக்க வேணாமாம்மா?”

ஏரிக்கரையில் போலீஸ்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கோதண்டம் என்று ஒருவர், பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளிப்பார், பேப்பர் படிப்பார், பேரனுக்குப் பாடம் சொல்லித்தருவார். ஒரே ஒரு விஷயம்தான். போலீஸ் தன் வீட்டை இரண்டு வருஷமாகக் கண்காணிக்கிறது என்பார். காதில் குரல் இல்லை, மனசு சிதறவில்லை, ஒரு சந்தேகம் மட்டும் அசைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. இதுவும் தணிகாவின் நோயோடு சேர்ந்த இனம்தான், ஆனால் வேறு வகை என்பார் டாக்டர். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டு உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு ஏரிக்கரை முழுக்கப் போலீஸ். கோதண்டம் என்னைப் பார்த்து, எப்படி என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். எனக்கே குழம்பிவிட்டது. டாக்டரிடம் கேட்டேன். போலீஸ் வந்தது நிஜம், தனக்காகத்தான் வந்தது என்று அவர் நினைப்பதுதான் நோய், ஊசியை நிறுத்தாதே என்றார்.

ஜூன் கடைசியில் கோதண்டம் வீட்டுக்கு நாலடி தள்ளி என் மொபெட்டை நிறுத்தினார்கள். தகரப் பெட்டியைத் திறந்தால் வரிசையாக ஊசி, மஞ்சள் மருந்து, பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் எழுதிய தாள். பேச்சோ நாகர்கோவில் பேச்சு, அவர்கள் காதுக்கு அது இலங்கைத் தமிழ். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். நிற்கச் சொன்னால் எனக்குக் கை கால் ஓடாது. எந்த ஆஸ்பத்திரி, எதற்கு ஊசி, யாருக்கு ஊசி என்று கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார் கான்ஸ்டபிள். நோயாளி பெயரைச் சொல்லக்கூடாது என்று நான் வாயைத் திறக்கவில்லை. அதில் சந்தேகம் இன்னும் கூடியது. கடைசியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோதண்டமே வெளியே வந்தார்.

“நம்ம சிஸ்டருதான், உட்ருங்க சார். போலீசு என்னப் பாத்துக்கினு கீதுன்னு நான் சொன்னா, அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு ஊசி போடறதுக்கு வர்றவங்க.”

டிராலி

கம்பெனியில் தணிகாவை முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பிரிங்கை ரகம் பிரிக்கிற வேலையில் போட்டார்கள். உட்கார்ந்தால்தானே. இரண்டு நிமிஷத்தில் எழுந்துகொள்வான், காலை மாற்றி மாற்றி வைப்பான், மறுபடி உட்காருவான். இது நோய் இல்லை, மருந்தின் வேலை. உடம்புக்குள்ளிருந்து யாரோ நெட்டித் தள்ளுவது போல இருக்கும், நிற்கவும் விடாது, உட்காரவும் விடாது. ‘நான் சொல்லாமயே காலு எழுந்துக்குது சிஸ்டர்’ என்றான். பிறவியிலேயே அப்படி ஒரு காலோடு திரிகிறவள் நான், எனக்கே கேட்கப் பாவமாக இருந்தது.

அவனுடைய சூப்பர்வைசர் சவரிமுத்து, தூத்துக்குடிக்காரர். ஞாயிறு பூசைக்கு மண்ணூருக்கு வருவார், அப்படியே என்னிடம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வார். பையன் உட்காரமாட்டான் என்று தெரிந்ததும் அவனைச் சரக்கு டிராலி தள்ளுவதில் மாற்றிவிட்டார். அங்கே நம் ஆள் ராஜா. மூன்று பேர் தள்ளுவதை ஒருவனே தள்ளினான். ‘அந்தப் பயலுக்கு என்ன ஊசி போடுதீய சிஸ்டர், நம்ம லைன்ல எல்லாத்துக்கும் ஒண்ணு போடுங்க’ என்று சவரிமுத்து என்னிடமே கேட்டார். நான் ரத்த அழுத்தக் கருவியின் காற்றை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

டாக்டர் அந்தத் தவிப்புக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினார், தினமும் சாப்பிடச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அட்டை அப்படியே இருக்கிறது, இரண்டு மாத்திரைதான் குறைந்திருக்கிறது. நான் சத்தம் போட்டேன். அவன் சிரித்தான், அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “நடக்கறதுக்குத்தான் வேல குடுத்துக்கீறாங்க சிஸ்டர். ஞாயித்துக்கெழம மட்டும் போட்டுக்கறேன், அன்னிக்கி நடந்து இன்னா ஆவப்போவுது.”

கிழமைகள்

கன்னியம்மா அக்கா ரேஷன் கடை வரிசையில் நல்லெண்ணெய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஜூலை முடிவதற்குள் அது ஏரிக்கரைவரை போய்விட்டது. ஆண்கள் புதனும் சனியும்தான் ஊசிக்கு இணங்குவார்கள், பெண்கள் செவ்வாயும் வெள்ளியும்தான். காலை வேளை மட்டும். பொழுது சாய்ந்தபின் எண்ணெய் ஆகாதாம். ஊசி போட்ட அன்றைக்குத் தயிர் கிடையாது, மிளகு ரசம். எண்ணெய் வைத்த நாளில் பகலில் தூங்கக்கூடாது என்று, ஊசியில் கண் சொருகுகிற ஆளை வீடே சுற்றி உட்கார்ந்து உசுப்பிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் ஊசி போட்ட இடத்தில் நிஜ நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். அங்கே தேய்க்கவே கூடாது. நான் கத்திய கத்தலில் அவர்கள் வீட்டுக் கோழி ஓடிவிட்டது.

ஆனால் ஒன்று. யாரும் தவறவில்லை. தேதி சொன்னால் மறந்துபோகிறவர்கள், ‘எண்ணெய்க் கிழமை’ என்றால் மறப்பதில்லை. அட்டவணையையே நான் அப்படி மாற்றிவிட்டேன், எனக்கு அதில் பெருமையும் இருந்தது. ஆகஸ்ட் முதல் புதன்கிழமை டாக்டர் வருகைப் பதிவைப் புரட்டினார். ஒரு வெற்றிடம்கூட இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“பதினஞ்சு வருஷமா மருந்து பேரச் சொல்லி மெரட்டிப் பாத்தேன் சிஸ்டர். நல்லெண்ணெய்க்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல.”

ஸ்டெல்லா

மண்ணூர் ஸ்டெல்லாவுக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்து பத்தாம் நாள் தூக்கம் போனது. இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று தெருவில் இறங்கி ஓடினாள். சென்னையில் சேர்த்தோம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், புயல் மாதிரி வந்து போய்விடும், தாயும் பிள்ளையும் பத்திரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். அப்படியே தேறிவிட்டாள். கொஞ்ச காலத்தில் மருந்தையும் நிறுத்திவிடலாம் என்று சொன்னார்கள்.

இது கன்னியம்மா அக்காவின் காதுக்குப் போனது. அவளுக்கு நிறுத்தலாம், என் பிள்ளைக்கு ஏன் கூடாது என்று ஸ்டெல்லா வீட்டுக்கே வந்து என்னைக் கேட்டார். ஒருவருக்கு ஒரே தடவை வந்து போகும், ஒருவருக்கு வந்து வந்து போகும், ஒருவருக்கு நெடுங்காலம் மருந்து வேண்டியிருக்கும், தணிகா மூன்று தடவை நமக்குக் காட்டிவிட்டான் என்று நான் சொன்னேன். சொல்வது சுலபம். அக்கா ஸ்டெல்லாவின் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். ஸ்டெல்லா என்னிடம்தான் சொன்னாள்.

“நடுவுல பதினெட்டு நாளு நான் எங்க இருந்தேன்னே தெரியல சிஸ்டர். புள்ள மட்டும் வளந்துகினே இருந்திருக்குது.”

ஆடி அமாவாசை

அமாவாசையில் எண்ணெய் தேய்க்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அது என் அட்டவணைக்குள் வந்து உட்காரும் என்றுதான் தோன்றவில்லை. ஆடி அமாவாசை அந்தத் தடவை வெள்ளியும் சனியுமாகப் பரவி நின்றது. பெண்களுக்கும் போச்சு, ஆண்களுக்கும் போச்சு. சனிக்கிழமை தணிகாவுக்கு ஊசி போட வேண்டிய நாள். ஒரு வாரம் தள்ளினால் பாதகமில்லை என்றார் டாக்டர்.

அந்த அடுத்த சனிக்கிழமைக்கு முந்தின நாள் தணிகாவின் பெரியப்பா இறந்துபோனார். அதே வீட்டின் பின்கட்டில் இருந்தவர், பிள்ளை இல்லாதவர். தணிகா கிணற்றடியில் நின்ற அந்த ஆறு மாதமும் அவன் உள்ளே விழுந்துவிடாமல் பக்கத்தில் கயிற்றுக்கட்டில் போட்டுக் காவல் இருந்தவர் அவர்தான். கொள்ளி வைத்தது தணிகா. திங்கட்கிழமையே மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பிவிட்டான், சோதனைக் காலத்தில் அதற்கு மேல் லீவு கிடையாது. நான் பெட்டியோடு போனேன். கன்னியம்மா அக்கா அழுது வீங்கிய முகத்தோடு கையெடுத்துக் கும்பிட்டார். ஊசி மூன்று வாரம் தாமதமானால் என்னவாகும் என்று அவருக்குச் சொன்னேன், கெஞ்சினேன். அது வெறும் மருந்து, எண்ணெய் என்று சொன்னதே என் தப்பு என்றும் சொல்லிவிட்டேன்.

“நீதானம்மா நல்லெண்ணெயின்னு சொன்ன. கொள்ளி வெச்ச புள்ளைக்கு பதினாறு முடியாம எப்பிடிம்மா எண்ணெ வெப்பேன்?”

நின்ற டிராலி

ஒரு வார்த்தையை வாயிலிருந்து விட்டுவிட்டுத் திரும்ப எடுக்க முடியாமல் அலைந்திருக்கிறீர்களா? அந்த ஒரு வாரமும் நான் அப்படித்தான் அலைந்தேன். தினம் ஒரு சாக்குச் சொல்லிப் பிள்ளைப்பாக்கம் வழியாக மொபெட்டை விடுவேன். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பேன். எண்ணெய்க் கிழமை, எண்ணெய்க் கிழமை என்று நான் அடித்த கூத்தெல்லாம் நினைவுக்கு வந்து என்னையே அறையலாம் போல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரிமுத்து வந்தார். கையை நீட்டிக்கொண்டு, சாதாரணமாக, பையன் இப்போது முன்னைப் போல் இல்லை என்றார். கேண்டீனில் சாப்பிடுவதில்லையாம். வேலைக்கு நடுவே நின்றுவிடுகிறானாம். உடம்பில் மருந்து குறைந்ததும் அந்தத் தவிப்பும் அடங்கிவிட்டது, கால் நின்றுவிட்டது. இத்தனை நாள் அந்தக் கால் ஓய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்தான். இன்னும் ஒரு வாரம் போனால் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும், வேலை போய்விடும், வேலை போனால் அவன் திரும்பிக் கிணற்றடிக்குத்தான் போவான். நிற்கிறான் என்றால் எப்படி என்று சவரிமுத்துவிடம் கேட்டேன்.

“ட்ராலியப் புடிச்சிக்கிட்டு அப்படியே நிக்கான் சிஸ்டர். யாரோ கூப்புட்ட மாதிரி தலையச் சாச்சிக்கிட்டு நிக்கான்.”

எண்ணெய் இல்லாமல்

மறுநாள் பள்ளிக்கூட அறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். கன்னியம்மா அக்காவின் காலில் விழுவது, அதற்கும் மசியாவிட்டால் டாக்டரையே காரில் வரவழைப்பது என்று முடிவு செய்திருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. தணிகா. ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடு நடந்தே வந்திருக்கிறான். உட்காரச் சொன்னேன். ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான், எனக்குத்தான் கால் நிற்கவில்லை. ரெண்டு பேரும் வந்துட்டாங்க சிஸ்டர் என்றான். இன்னும் தூரத்துலதான் கீறாங்க, ஆனா வந்துகினே கீறாங்க என்றான்.

நான் ஊசியை எடுத்தேன். இங்கேயே போட்டுவிடலாம், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அம்மாவுக்காக இல்லையாம். கிணற்றடியில் அவனோடு கிடந்தவருக்கு அவன் கொள்ளி வைத்திருக்கிறான், பதினாறு நாள் எண்ணெய் தொடமாட்டேன் என்று அவனே மனசில் சொல்லிக்கொண்டானாம். நான் அந்தக் கையில் பஞ்சும் இந்தக் கையில் ஊசியுமாக நின்றேன். அவன் பஞ்சைப் பார்த்தான், மருந்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“அந்த எண்ணெய எடுத்துட்டு மருந்த மட்டும் குடுக்க முடியாதா சிஸ்டர்?”

போனில் டாக்டர்

முடியும். முடியாமல் என்ன. எண்ணெய் இல்லாத மருந்து என்றால் மாத்திரைதானே. அதே வேலையைச் செய்கிற மாத்திரை என் தகரப் பெட்டியின் அடியிலேயே கிடந்தது. மாத்திரை சாப்பிடாதவனுக்குத்தான் ஊசி என்று எங்கள் தலையில் அப்படி ஏறிப்போயிருந்ததால் அந்தப் பக்கம் யாருமே பார்க்கவில்லை. ஃபாதர் அறைக்கு ஓடிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். கிடைக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியும் அறைக்குள் நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் அந்த ஊசி உண்டா சிஸ்டர் என்று ஃபாதர் கேட்டார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தணிகா கேட்ட கேள்வியையும். மறுமுனையில் கேஸ் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு எந்த மாத்திரை, எத்தனை, பதினாறாம் நாள்வரை எப்படி என்று விவரமாகச் சொன்னார். தினம் சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் என் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்றார். வைக்கப்போனவர் மறுபடி பேசினார்.

“மூணு பேர்ல ஒருத்தர்தான் யோசிச்சிருக்கார் சிஸ்டர். அவர் நம்மகிட்ட சம்பளம் வாங்கல.”

வார விடுமுறை

ஐந்து சாயங்காலமும் தணிகா என் எதிரில் நின்று மாத்திரையை விழுங்கினான். பதினாறாம் நாள் சனிக்கிழமையாகவே அமைந்தது. காரியம் முடிந்து பங்காளிகள் எல்லோரும் கிணற்றடியில் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அறையில் தணிகாவுக்கு நான் ஊசி போட்டேன். வெளியே வந்ததும் கன்னியம்மா அக்கா எனக்கு இலை போட்டார், பரண் கரண்டியால் சாம்பார் ஊற்றினார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு வாரத்தில் டிராலி மறுபடி ஓட ஆரம்பித்தது. குரல்கள் தூரத்திலேயே நின்று, பிறகு போயே போய்விட்டன.

டிசம்பரில் நிரந்தரம் செய்வதற்கு முன்னால் மேனேஜர், ஆகஸ்டில் இவன் சில நாள் மரம் மாதிரி நின்றானாமே, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். கொள்ளி வெச்ச பய சார், துக்கத்துல நின்னான் என்று சவரிமுத்து சொல்லியிருக்கிறார். அதோடு விட்டுவிட்டார்கள். அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும்போது அவரும் ஊசியைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

நிரந்தரமானதும் வேறு பிரிவில் போட்டார்கள். அங்கே சனிக்கிழமை காலை ஆறு மணி ஷிப்ட், வார விடுமுறை வெள்ளிக்கிழமை. கன்னியம்மா அக்கா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஆம்பிளைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெயா, இதற்கு அந்த நிரந்தரமே வேண்டாம் என்றார். நான் வாயே திறக்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. தணிகா சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, பாயில் தானாகவே குப்புறப் படுத்துக்கொண்டான்.

“கம்பெனி என்னிக்கி லீவு வுடுதோ, எனக்கு அதாம்மா சனிக்கெழம. நீங்க போடுங்க சிஸ்டர்.”

அன்றிலிருந்து இன்றுவரை ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்கிறேன், சொல்வதற்கு முன்னால் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.